பாட்டிக்கு ஒரு பாலிசி

கிழவர் கிழவிகளின் சமாசாரத்தை இளைஞர்கள் படிக்கும் சங்கப் பத்திரிகையில் எழுதலாமா என்று இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். தாராளமாக எழுதலாம் என்பது என் அபிப்பிராயம். நம்மில் பலருடைய வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு நீண்ட காகிதம் வந்தால், அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது? விடுதி அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் நம் தலையில்தான். "இதிலே என்ன போட்டிருக்கான், பார்த்துச் சொல்லு" என்று ஒரு வரி. அதன் கீழே கைப்பேசியில் கோணல்மாணலாக எடுத்த ஏழெட்டுப் படங்கள். பாங்கிக் கடிதம், மின்சார பில், வருமான வரி நோட்டீசு என்று எனக்கு வந்துகொண்டிருந்த இந்த வரிசையில் 2025 அக்டோபரில் மருத்துவ இன்ஷூரன்ஸும் வந்து சேர்ந்தது. இன்றில்லாவிட்டால் நாளை உங்களுக்கும் வரும்.

விவரம் இதுதான். என் தாத்தாவுக்கு அப்போது வயது 72, பாட்டிக்கு 64. மாயவரத்துப் பக்கத்திலிருந்து 1976-ல் தில்லிக்கு வந்து, ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதி, அங்கேயே ஓய்வு பெற்றவர் தாத்தா. சர்க்கார் உத்தியோகம் அன்று. ஆகவே அடுத்த வீட்டு மத்திய சர்க்கார் பென்ஷன்காரருக்கு உள்ள சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரியும் மருந்தும் இவருக்கு இல்லை. (அந்த அடுத்த வீட்டுக்காரர் மருந்துப் பையோடு திரும்பி வரும்போது தாத்தா பத்திரிகையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.) பிராவிடண்டு பண்டு மூலம் வரும் பென்ஷன் மாதம் 2,000 ரூபாய்க்குச் சற்று மேல். மற்றபடி, தபாலாபீசில் போட்ட பணத்துக்கு மூன்று மாதத்துக்கொரு முறை வரும் வட்டிதான் ஜீவனம்.

2018 முதல் மாமாவின் கம்பெனி தன் ஊழியர்களுடைய பெற்றோரையும் சேர்த்துக் குழு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தது. ஆண்டுக்கு 3 லட்ச ரூபாய் வரை. 2021-ல் தாத்தாவுக்கு இருதயத்தில் ஸ்டெண்டு வைத்தபோது அதுதான் கைகொடுத்தது. மாமா இப்போது வேறு கம்பெனிக்கு மாறத் தீர்மானித்தார். சம்பளம் கூடுகிறது, சந்தோஷந்தான். ஆனால் புதிய கம்பெனி மனைவி மக்களோடு நிறுத்திக்கொண்டது. தாயும் தகப்பனும் அதன் கணக்கில் குடும்பம் ஆகவில்லை. மாமாவின் நோட்டீசுக் காலம் முடிய ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் இருவருக்கும் வழி பார்த்தாக வேண்டும்.

தாத்தாவின் பாடு சுலபமாகத் தீர்ந்தது. 2024 அக்டோபர் 29 முதல், 70 வயது நிரம்பிய எவருக்கும், ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சை உண்டு. அந்த அட்டைக்கு 'ஆயுஷ்மான் வய வந்தனா' என்று பெயர். தில்லி 2025 ஏப்ரலில் இத்திட்டத்தில் சேர்ந்து, தன் பங்காக இன்னும் 5 லட்சத்தைக் கூட்டியது. பிரீமியம் கிடையாது. பழைய நோயா, புது நோயா என்ற விசாரணை கிடையாது. முதல் நாளிலிருந்தே எல்லாம் சேர்த்தி. ஆதார் அட்டையில் போட்டிருக்கும் வயதே வயது. ஸ்டெண்டு வைத்த 72 வயதுக்காரரைக் கண்டால் தனியார் கம்பெனிகள் ஒன்று கதவைச் சாத்தும், அல்லது மலைக்க வைக்கும் விலை சொல்லும். ஆகவே நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைப்பேசிச் செயலியில் ஆதார் எண்ணைக் கொடுத்து, தாத்தாவின் முகத்தைப் படம் பிடித்து, காப்பி ஆறுவதற்குள் அட்டை வாங்கிவிட்டோம்.

குறை இல்லாமல் இல்லை. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் மட்டுமே செல்லும். படுக்கையில் சேர்ந்தால்தான் உண்டு. அன்றாடம் விழுங்கும் மாத்திரைக்கு இல்லை. எல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்று. அந்த அட்டை 70 நிரம்பியவருக்குத்தான். வீட்டில் 70 நிரம்பியவர் இருவர் இருந்தால் அந்த 5 லட்சத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். கணவருக்கு 70 ஆகி மனைவிக்கு ஆகாவிட்டால் மனைவி வெளியே நிற்க வேண்டியதுதான். நம் பாட்டிமார்களில் பெரும்பாலோர் கணவரைவிட ஐந்து, எட்டு, பத்து வயது இளையவர்கள் அல்லவா? தாத்தாமார்கள் அட்டையோடு உள்ளே போக, பாட்டிமார்கள் வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கும் காட்சிதான் என் மனக்கண்ணில் தோன்றியது.

பாட்டிக்கு இதில் வருத்தமே இல்லை. "எனக்கு எதுக்குடா? அவருக்குத்தான் கார்டு வந்தாச்சே. இன்னும் ஆறு வருஷம் போனா எனக்கும் அதுவே வந்துடும். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.

தாத்தா பத்திரிகையை மடித்தார். "எனக்குச் சர்க்கார் இருக்கு. இந்த ஆறு வருஷத்துக்கு உனக்கு யார் இருக்கா?" என்று கேட்டார். பாட்டி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் போய்விட்டாள் என்றால் சம்மதித்துவிட்டாள் என்று எங்கள் வீட்டில் அர்த்தம்.

மறுநாள் ஏஜெண்டு வந்தார். தில்லிக்காரர், நல்ல பேச்சுக்காரர். பாட்டியை 'மாதாஜி' என்று அழைத்து, மூத்த குடிமக்களுக்கென்றே அச்சிட்ட பாலிசி ஒன்றின் வண்ணத்தாளை மேஜைமேல் விரித்தார். 3 லட்ச ரூபாய்க்கு ஆண்டுப் பிரீமியம் 18,400. அதன் கீழே 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்று இருந்தது. அந்தத் தாள் பழையது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு அந்த வரி அறவே நீங்கிவிட்டது. இதைச் சொன்னதும் தாத்தாவுக்கு என்மேல் மதிப்பு உயர்ந்தது. படத்தில் நரைத்த தலையோடு ஒரு தம்பதி பூங்காவில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விலையும் சிரிப்பும் முதல் பக்கத்தில். ஷரத்துகள் 23-ஆம் பக்கத்தில்.

அந்த 23-ஆம் பக்கத்தை நான் விடுதிக்குக் கொண்டுவந்து இரண்டு இரவு படித்தேன். அதிலிருந்த இரண்டு ஷரத்துகளை மட்டும் ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். முதலாவது, அறை வாடகைக்கு நாளொன்றுக்குப் பாலிசித் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான் அனுமதி. இரண்டாவது, எந்த பில்லிலும் 20 சதவீதத்தை நாமே ஏற்க வேண்டும். இதற்குக் 'கோ-பே' என்று பெயர்.

பாட்டி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பில் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அறை நாளைக்கு 6,000 வீதம் 24,000. டாக்டர், அறுவை அரங்கு, நர்சு இவற்றுக்கு 1,20,000. மருந்து, பரிசோதனை, உடம்பில் பொருத்தும் சாமான் எல்லாம் 56,000. 6,000 ரூபாய் அறையில் படுத்தால், அதிகப்படியான 3,000-ஐ நாம் கொடுத்துவிட்டால் சரியாகப் போயிற்று என்றுதான் எவரும் நினைப்பார். அப்படியன்று. பல ஆஸ்பத்திரிகளில் அறை உயர உயர டாக்டர் கட்டணமும் உயர்கிறது. ஆகவே அறையில் பாதிதான் அனுமதி என்றால், டாக்டர் பில்லிலும் அரங்கு பில்லிலும் பாதியைத்தான் கம்பெனி ஏற்கும். மருந்திலும் பரிசோதனையிலும் பொருத்தும் சாமானிலும் இப்படி வெட்டக்கூடாது என்று இந்திய இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை வளர்ச்சி ஆணையம் 2020-ல் விதித்தது. அந்த மட்டும் புண்ணியம். ஆக, அறைக்கு 12,000, டாக்டர் வகைக்கு 60,000, மருந்து வகைக்கு 56,000. கூட்டினால் 1,28,000. இதில் 20 சதவீதமாகிய 25,600 கோ-பேயில் போகும். கம்பெனி தருவது 1,02,400. மூன்று லட்சத்துக்குப் பாலிசி வைத்திருக்கும் பாட்டி இரண்டு லட்ச ரூபாய் பில்லுக்குத் தன் கையிலிருந்து கட்ட வேண்டியது 97,600!

இந்தக் கணக்கைத் தாத்தா இருமுறை போட்டுப் பார்த்தார். நாற்பது வருஷம் கணக்கெழுதியவர். "கணக்கு சரி. இப்படி ஒரு கணக்கு இருக்கிறதுதான் சரியில்லை" என்றார்.

எல்லாப் பாலிசியும் இப்படி என்று சொல்லிவிடக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் 'ஆரோக்ய சஞ்சீவனி' என்ற பொதுப் பாலிசி ஒன்று உண்டு. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஷரத்துகள் ஒன்றே. விலைதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கோ-பே 5 சதவீதம். அறை வாடகை பாலிசித் தொகையில் 2 சதவீதம், 5,000 ரூபாய்க்கு மேற்படாமல். நாணயமான சரக்கு. முதல் முறையாக வாங்கும் ஒருவருக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் இதிலும், இதைப் போன்ற எந்தப் புதுப் பாலிசியிலும், காத்திருப்புக் காலம் என்று ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை கம்பெனி ஒன்றும் தராமல் இருக்கலாம். (2024 வரை இது 48 மாதமாக இருந்தது.) கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்றுதல் போன்ற சிலவற்றுக்கு, பாலிசி எடுத்த பின் தோன்றினாலும், பெரும்பாலும் 24 மாதம் காத்திருக்க வேண்டும்.

பாட்டிக்கு 2016 முதல் சர்க்கரை வியாதி. ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள். அவளுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டியிருப்பது 70 வயது வரையில், அதாவது ஆறே வருஷம். அந்த ஆறில் மூன்று வருஷம் காத்திருப்பிலேயே கழிந்துவிட்டால், பாலிசி எதற்கு? குடையை வாங்கி, மழைக்காலம் பாதி கழியும்வரை பிரிக்கக் கூடாது என்று கடைக்காரன் சொல்வது போலத்தான்.

கம்பெனிக்காரர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் என்று முடிவு கட்டிவிடவும் நான் தயாராயில்லை. நான் படிப்பது புள்ளியியல். இந்த விஷயத்தில் எங்கள் வகுப்பில் அடிபடும் ஒரு கட்டுரை உண்டு. ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் எழுதியது. அவருக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய கார் சந்தையைப் பற்றிய கட்டுரை என்றுதான் அதற்குப் பெயர். ஆனால் நடுவே அவர் கேட்கும் கேள்வி நம் பாட்டியைப் பற்றியது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கிடைப்பது ஏன் இத்தனை கடினம்? ஆபத்து அதிகமானால் விலையைக் கூட்டி விற்றுவிட்டுப் போகலாமே? அவர் சொல்லும் விடை வருமாறு: விலையைக் கூட்டினால், உடம்பு நன்றாயிருப்பவர் "எனக்கெதற்கு" என்று விலகிவிடுவார். தமக்கு நிச்சயம் செலவு வரும் என்று உள்ளூர அறிந்தவர் மட்டும் மிஞ்சுவார். அப்போது கம்பெனிக்குச் செலவு ஏறும். மறுபடி விலை ஏறும். இருப்பவர்களில் சற்றுத் தெம்பானவர்களும் விலகுவார்கள். கடைசியில் எந்த விலையும் கட்டுப்படியாகாது. இத்தனைக்கும் காரணம், தன் உடம்பைப் பற்றி வாங்குபவருக்குத் தெரிந்தது விற்பவருக்குத் தெரியாமையே.

காத்திருப்புக் காலமும், நோய்களைக் கேட்கும் நீண்ட படிவமும் இந்தத் தெரியாமைக்குக் கம்பெனிகள் கட்டிய வேலிகள். காரணம் எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் பாட்டியின் சங்கடம் குறைந்துவிடவில்லை. அவள் நோயை ஒளித்துவைத்துக்கொண்டு யாரையும் ஏமாற்ற வந்தவள் அல்லள். ஏழு வருஷமாக ஒரு குழுவில் ஒழுங்காக இருந்தவள். மகன் வேலை மாறியதால் வெளியே தள்ளப்பட்டவள்.

அந்த ஏழு வருஷத்தில்தான் வழி இருந்தது. குழு இன்ஷூரன்ஸிலிருந்து வெளியேறுபவர், அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஆணையத்தின் விதி இருக்கிறது. இதற்கு 'மைக்ரேஷன்' என்று பெயர். குழுவில் தொடர்ச்சியாக இருந்த காலம் காத்திருப்புக் கணக்கில் கழிக்கப்படும். பாட்டி ஏழு வருஷம் இருந்தாயிற்று. 36 மாதம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பழைய தொகை எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் இந்தச் சலுகை. 5 லட்சத்துக்கு எடுத்தால் முதல் 3 லட்சத்துக்கு உடனே பலன், மிகுதி 2 லட்சத்துக்கு மீண்டும் காத்திருப்பு. அன்றியும், கம்பெனி உடம்பைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ளும்; விலையைக் கூட்டவும் கூட்டலாம். இந்த விதியைப் பற்றி மாமாவின் பழைய ஆபீசில் ஒருவரும் அவரிடம் மூச்சு விடவில்லை. நாமாகக் கேட்டால்தான் உண்டு. குழுவில் பெயர் இருக்கும்போதே கேட்பது உத்தமம். மாமா அன்றிரவே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினார்.

மைக்ரேஷன் பாலிசிக்கு அவர்கள் சொன்ன விலை, 5 லட்சத்துக்கு 31,700. கோ-பே இல்லை, அறை வாடகைக்குத் தொகை வரம்பு இல்லை, தனி அறை என்பதோடு சரி. 18,400 எங்கே, 31,700 எங்கே என்று பாட்டி மீண்டும் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். மேலே போட்ட கணக்கைத் தாத்தா அவளுக்குத் தம் பாஷையில் சொன்னார்: "வருஷம் பதிமூவாயிரம் மிச்சம்னு அதை வாங்கினா, ஒரு தடவை படுத்தா ஒரு லட்சம் போயிடும்."

ஆனால் பாட்டி கேட்ட வேறொரு கேள்வி எங்கள் எல்லாருடைய கணக்கையும்விடப் பெரியதாயிருந்தது. "நான் போற ஆஸ்பத்திரி அதிலே இருக்கா?" வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷ தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே வயதான மலையாள நர்சு ஒருவர் இருக்கிறார். பாட்டி அவரிடம் தமிழில் சொல்வாள். அவர் மலையாளத்தில் பதில் சொல்வார். தில்லிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் பாட்டியின் இந்தியைக் கேட்டால் நீங்கள் அசந்துபோவீர்கள். "ஆனா வலிக்கிறதை இந்தியிலே சொல்ல வரலைடா" என்றாள். ரொக்கமில்லாமல் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் தேடினோம். அது இருந்தது. தாத்தாவின் அட்டைக்கான பட்டியலில் அது இல்லை. ஒரே வீட்டில் இருவர், ஆளுக்கொரு ஆஸ்பத்திரி. இருவர் காகிதங்களையும் தாத்தா தனித்தனி உறையில் போட்டு, மேலே ஆஸ்பத்திரியின் பெயரைத் தமிழில் எழுதி வைத்தார்.

பிறகு படிவம். அதுதான் எனக்கு மறக்காதது. ஏஜெண்டுக்கு நாங்கள் வேறு வழி தேடிக்கொண்டது தெரியும். இருந்தாலும் பழக்கத்துக்காக அன்றும் வந்திருந்தார். கெட்டவர் அல்லர். 'சர்க்கரை வியாதி உண்டா?' என்ற இடத்துக்கு நான் வந்ததும் பேனாவைத் தடுத்தார். "அதை எழுதாதீர்கள், மாதாஜி. விலையைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் வேண்டாம் என்பார்கள். சும்மா ஐந்து வருஷம் ஓட்டிவிட்டால் அப்புறம் யாரும் கேட்க முடியாது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், அதன் பின் 'நீ சொல்லாமல் விட்டாய்' என்று கம்பெனி பணத்தை மறுக்க முடியாது. 2024-ல்தான் இது எட்டு வருஷத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. வேண்டுமென்றே மறைப்பது வேறென்ன? அதுவுமல்லாமல், அந்த 60 மாதத்துக்குள் பாட்டி ஒரு தடவை படுத்தால், ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் வரியாக எழுதப்போவது 'சர்க்கரை நோயாளி, ஒன்பது வருஷமாக' என்பதுதான்.

நான் இதையெல்லாம் இந்தியில் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில் பாட்டி முந்திக்கொண்டாள். "எழுதுடா. இருக்கிறதை இல்லைன்னு எழுதி நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள். மாத்திரைகளின் பெயரை அவளே வரிசையாகச் சொன்னாள். அடுத்த கேள்வி, 'எந்த அறுவைக்காவது டாக்டர் யோசனை சொல்லியிருக்கிறாரா?' இல்லை என்று எழுதப் பேனாவை வைத்தேன்.

"இரு" என்றாள் பாட்டி. சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, வலது கண்ணில் புரை இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று போன சித்திரையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை ஒருவருக்கும் தெரியாது. வாரத்துக்கு ஒரு முறை போகும் எனக்கும் தெரியாது. கூடவே இருக்கும் தாத்தாவுக்கும் தெரியாது. அரிசி களையும்போது கல் தெரியவில்லை என்று அவள் எடை கூடிய விலையில் பாக்கெட்டு அரிசி வாங்கத் தொடங்கியதை, தில்லி நாகரிகம் என்று தாத்தா கேலி செய்துகொண்டிருந்திருக்கிறார். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "அவன் வேலை மாறட்டும்னு இருந்தேன். அப்புறம் உங்க கார்டு வேலை வந்துடுத்து" என்று பாட்டி ஏதோ சாமான் வாங்க மறந்தவள் போலச் சொன்னாள்.

நம் வீடுகளில் எத்தனை பேர் இப்படிக் கண்ணில் புரையோடும் காலில் வீக்கத்தோடும் மௌனமாக நடமாடிக்கொண்டிருக்கிறார்களோ, நமக்குத் தெரியாது. 'எப்படி இருக்கே, பாட்டி?' என்ற கேள்விக்கு 'எனக்கென்ன' என்ற பதில்தான் என்றும் கிடைக்கும். இன்ஷூரன்ஸ் படிவம் அப்படிக் கேட்பதில்லை. கண்ணைப் பற்றித் தனியாக, காலைப் பற்றித் தனியாக, மாத்திரையைப் பற்றித் தனியாகக் கேட்கிறது. அந்தப் படிவத்தைப் பெரியவர்களை எதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி நிரப்புங்கள் என்பேன். 'எல்லாவற்றுக்கும் இல்லை என்று அடித்து அனுப்பிவிட்டேன்' என்று பெருமையாகச் சொன்ன ஒரு நண்பனை இந்த விடுதியிலேயே எனக்குத் தெரியும்.

எழுதினோம். கம்பெனி ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தது. ஒரு வாரம் பேசாமல் இருந்தது. பிறகு, சர்க்கரைக்காக விலையைக் கூட்டி, 36,000 என்று எழுதி ஒப்புக்கொண்டது. மாமா முழுவதையும் தாமே கட்டுவதாகச் சொல்ல, தாத்தா பாதிக்குமேல் விடமாட்டேன் என்று சண்டை போட்டு, பாதி பாதி என்று முடிந்தது. ஆறு வருஷத்துக்கு இதைக் கட்ட முடியுமா என்பதையும் தாத்தா யோசித்தார். 60 வயது கடந்தவர்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் தன்னை முன்கூட்டியே கலந்தாக வேண்டும் என்று ஆணையம் 2025 ஜனவரியில் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. அந்தப் பத்தே ஏறினாலும் 36,000 ஆறு வருஷத்தில் 63,000-ஐத் தாண்டும். தாத்தா இதைக் கண்டுபிடித்து, தபாலாபீசு வட்டியிலிருந்து ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போடத் தொடங்கியிருக்கிறார்.

பாலிசி கையில் வந்த பின் 30 நாள் தவணை உண்டு. அதற்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிவிடலாம். அந்த முப்பது நாளைப் பாட்டி வீணாக்கவில்லை. 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு பாலிசியோடும் அதன் ஷரத்துகளைச் சுருக்கமாகச் சொல்லும் தகவல் தாள் ஒன்று தர வேண்டும். விரும்பிக் கேட்டால் நம் பாஷையிலேயே கிடைக்க வேண்டும். கேட்டோம், வந்தது. அதன் தமிழைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. என் உதவியின்றியே அவள் அதை எழுத்துக் கூட்டி, இடது கண்ணால் படித்தாள். "'இணைக்கட்டணம் இல்லை'ன்னு போட்டிருக்கே, இணைன்னா ஜோடிதானே? தாத்தாவுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டாம்னு அர்த்தமா?" என்று கேட்டாள். அதுதான் கோ-பே என்று விளக்கியதும், "அதைத் தமிழ்லே எழுதியிருக்கலாமே" என்றாள்.

2026 ஜனவரியில், பனிமூட்டம் சற்று விலகிய ஒரு நாள், அந்த மலையாள நர்சு இருக்கும் ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்கு அறுவை நடந்தது. காலையில் போய் மாலையில் திரும்பிவிட்டோம். பில் 47,500. ஒரு கண்ணுக்கு 40,000 என்பது பாலிசியின் வரம்பு. அதைக் கம்பெனி கொடுத்துவிட்டது. மீதி 7,500-ஐத் தாத்தா கொடுத்து, கணக்குப் புத்தகத்தில் பற்று எழுதினார். இடது கண்ணிலும் லேசாகத் தொடங்கியிருக்கிறதாம். இம்முறை அதைப் பாட்டி அன்றைக்கே சொல்லிவிட்டாள்.